அத்தையும் ஓடுகாலி வீட்டு வாளும்

எங்கள் ஊரில் அத்தைக்கு 'அரம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்லும் பெயர் இல்லை. நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். "அரம்னா சும்மாவா? துரு இருக்கற இடத்துலதான் அது சத்தம் போடும்" என்பாள்.

அவள் என் அப்பாவின் அக்கா. பழம்பொருள் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். தெருவைப் பார்த்தபடி கடை, அதற்குப் பின்னால் அத்தையின் பட்டறை, அதற்கும் பின்னால் அவர்கள் குடியிருக்கும் இரண்டு அறைகள். மாடியில் நாங்கள் இருந்தோம். சமையல் மட்டும் எல்லோருக்கும் கீழே ஒன்றாக நடந்தது. அதனால் அத்தையின் பேச்சைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வாய் சோறு தின்றதில்லை.

பட்டறை நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க அரங்கள் தொங்கின, கை நீளத்தில் தொடங்கி ஊசி அளவு வரை. தகரம் போர்த்திய மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்று இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டிருந்தார்கள். எப்போதும் மண்ணெண்ணெய் வாசனை. பழைய கடிகாரம், விளக்கு, இரும்புத் தொப்பி, தொலைநோக்கி, கத்தி எதுவானாலும் முதலில் அத்தையின் மேசைக்குத்தான் வரும். அது என்ன, எந்தக் காலத்தது, அசலா போலியா என்று அவள் சொன்ன பிறகுதான் மாமா விலை சொல்வார். பிறகு அவளே சுத்தம் செய்வாள்.

அந்த வேலையில் கஷ்டம் துருவை எடுப்பதில் இல்லை. நிறுத்துவதில்தான் இருக்கிறது. அதிகம் தேய்த்தால் பொருளின் வயது போய்விடும். பழைய இரும்புக்கு ஒரு கறுப்பு உண்டு. அது துரு இல்லை, தோல் மாதிரி. அதைத் தொடாமல் மேலே இருக்கும் சிவப்பை மட்டும் எடுக்கவேண்டும். "தேய்க்க எவனாலும் முடியும். எங்க நிறுத்தணும்னு தெரியணும்" என்று அத்தை சொல்வாள். நாக்கு விஷயத்தில் மட்டும் அந்த இடம் அவளுக்குத் தெரியாது.

ஒருவர் சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து, தங்கள் குடும்பத்தில் அது முன்னூறு வருஷமாக இருக்கிறது என்றார். அத்தை அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்னூறு வருஷமா? அப்ப இந்த பேட்டரிய மாட்டினது உங்க எள்ளுத்தாத்தாவா, கொள்ளுத்தாத்தாவா?" என்று கேட்டாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கடிகாரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மாமாவையும் விடமாட்டாள். "உங்களக் கண்ணாடி அலமாரியில வெச்சாக்கூட எவனும் விலை கேக்கமாட்டான். பழசுதான், ஆனா வேலைப்பாடு ஒண்ணும் இல்ல" என்பாள். மாமா தானும் சேர்ந்து சிரித்துவிடுவார். அம்மா கழுவிய பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல முகம் பாக்கலாம். யார் முகம்னு மட்டும் தெரியாது" என்பாள். அம்மா சிரிக்கமாட்டாள்.

அத்தை பிறக்கும்போதே இப்படி இருந்திருக்கமாட்டாள் என்று அப்பா சொல்வார். கல்யாணமான புதிதில் கடை மாமாவின் அப்பா கையில் இருந்தது. அப்போது அத்தை ஒரு வெண்கலக் கூஜாவை அசல் என்று சொல்லி வாங்க வைத்தாளாம். அது புதிதாக வார்த்த போலி. புளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழசு போலக் காட்டியிருந்தார்கள். மாமனார் திட்டவில்லை. அந்தக் கூஜாவை அவள் கையில் கொடுத்துக் கடை வாசலில் நிற்கவைத்தார். வருகிற ஒவ்வொருவரிடமும், "இது பழசுன்னு நான் சொன்னேன்" என்று அவள் சொல்லவேண்டும். கடை மூடும்வரை நின்றாளாம். வந்தவர்களில் அவளுடைய சொந்த அம்மாவும் ஒருத்தி. மாமா கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அத்தை தவறு செய்ததே இல்லை. செய்ததே இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

தெரு முனையில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, நின்றால் தலை இடிக்கும் பரண். இவ்வளவுதான் அவர் கடை. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுப்பார். அதிர்ந்து பேசாத மனுஷர். அவர் குடும்பத்துக்கு ஊர் வைத்த பெயர் 'ஓடுகாலி வீடு'.

அவருடைய தாத்தா அந்தக் காலப் பெரும்போரில் குதிரைப்படையில் லாடம் அடிப்பவராகப் போனவர். படை தோற்றுப் பின்வாங்கிய வருஷத்தில் நிறையப் பேர் ஓடிவந்தார்கள். இவர் எப்போது வந்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தூர ஊர்களில் சுற்றிவிட்டு, ஒரு நாள் கால் ஊனத்தோடும் துணியில் சுற்றிய ஒரு வாளோடும் வந்து சேர்ந்தார். 'ஓடிவந்தவன், வரும்போது எவனுடைய வாளையோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்' என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. குதிரை உதைத்துக் கால் போனது, மேலதிகாரியே கூப்பிட்டு மரியாதையாக வாளைக் கொடுத்து அனுப்பினார் என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் பழங்கதைதானே என்று தோன்றலாம். ஆனால் ஊர் விடுவதாக இல்லை. தையல்காரரின் மகன் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது, "வராம என்ன, ரத்தத்துலயே இருக்கு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையன் பரிசுக் கோப்பையை வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் ஓடவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஊர் மன்றத்தில், அந்தப் போருக்குப் போனவர்களின் பெயரைப் பொறித்து ஒரு கல் நடுவது என்று தீர்மானித்தார்கள். தாத்தாவின் பெயரைச் சேர்க்கவில்லை. தையல்காரர் போய்க் கேட்டார். படையின் காகிதங்கள் எல்லாம் போரிலேயே எரிந்துபோயின என்றும், வேறு ஏதாவது சாட்சி இருந்தால் கொண்டுவரலாம் என்றும் செயலாளர் சொன்னார். தையல்காரரிடம் இரண்டே பொருட்கள் இருந்தன. ஒன்று அந்த வாள். மற்றொன்று தாத்தா இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்த பித்தளை வில்லை. ஒவ்வொரு படைவீரனுக்கும் கொடுப்பது அது. அதில் அவர் எண் குத்தியிருந்தது.

"வாளப் பத்தி நமக்கென்ன தெரியும்? அரத்துக்கிட்டக் காட்டிடுவோம். அவங்க சொன்னா சரி" என்றார் செயலாளர். மன்றத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தையல்காரரும் ஒத்துக்கொண்டார். அவர் முகத்தில் அன்று ஒரு தெளிவு இருந்ததாக அப்பா சொன்னார். அத்தைக்கு வாய்தான் பொல்லாதது, கண் பொய் சொல்லாது என்று தையல்காரர் நம்பினார்.

வாள் ஒரு பழைய போர்வையில் சுற்றி வந்தது. அலகு முழுக்கத் துரு, மரப்பட்டை மாதிரி அடுக்கடுக்காக. கைப்பிடி மட்டும் நன்றாக இருந்தது. விரல்களை மறைக்கப் பித்தளையில் வார்த்த கைக்காப்பு, பிடியின் முனைக் குமிழில் சிங்கத் தலை, இடுக்குகளில் இன்னும் பொன்முலாம் ஒட்டியிருந்தது. அத்தை அதைக் கையில் வாங்கி ஒருமுறை எடை பார்த்தாள், குமிழைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. பட்டறைக்குள் கொண்டுபோகாமல் கடை மேசையிலேயே வைத்துப் பார்த்து முடித்துவிட்டாள்.

மன்றத்தில் அன்று நல்ல கூட்டம். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அத்தை வாளை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.

"இது முலாம் பூசின கைப்பிடி. அதிகாரிங்களுக்கு மட்டும் குடுக்கறது. லாடம் அடிக்கறவனுக்கு சுத்தி குடுப்பாங்க, சிங்கத் தலை குடுக்கமாட்டாங்க."

சிலர் சிரித்தார்கள். தையல்காரர் எழுந்தார். "பரிசா குடுத்தாங்கன்னு தாத்தா சொல்லியிருக்காரு அக்கா."

"பரிசுன்னா அலகுல எழுதிக் குடுப்பாங்க. எங்க எழுத்து?"

"அலகு பூரா துருவா இருக்கே. எழுத்து இருந்து, துருவோட போயிருக்கலாம் இல்லையா?"

"இருந்திருக்கலாம். நீங்ககூட ராஜா வீட்டுல பொறந்திருக்கலாம். பொறக்கலையே, இங்க வந்து காஜா எடுத்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

இந்த முறை எல்லோருமே சிரித்தார்கள். தையல்காரர் பித்தளை வில்லையை எடுத்துக் காட்டினார். அத்தை அதைத் தொடக்கூட இல்லை. "ஓடறவன் இதைக் கழட்டி வெச்சிட்டா ஓடுவான்? அவன் படையில இருந்தான்னு யாரும் இல்லைன்னு சொல்லல. எப்படி வந்தான்றதுதான் கேள்வி."

செயலாளருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "கைப்பிடியைக் கழட்டி உள்ள ஒருதடவை பாத்துட்டா?" என்று கேட்டார்.

"ஆடாத பல்லப் பிடுங்கற வைத்தியன எங்கயாவது பாத்திருக்கீங்களா? எங்க தொழில்ல ஆடாத கைப்பிடியத் தொடமாட்டோம்."

அது உண்மைதான். அலகின் கீழ்ப்பகுதி வால் போல மெலிந்து கைப்பிடிக்குள் நுழைந்து, குமிழுக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்த நுனியைச் சுத்தியலால் அடித்து ஆணித் தலை மாதிரி விரித்துவிடுவார்கள். ஒருமுறை அதைக் கழற்றினால் பழைய அடி போய்விடும், வாளின் மதிப்பும் குறையும். நல்ல காரணம் இல்லாமல் யாரும் திறக்கமாட்டார்கள். அத்தை சொன்னதில் தப்பில்லை. ஆனால் அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

அவள் தையல்காரர் பக்கம் திரும்பினாள். "ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு, அதிகாரி தூங்கறப்ப எடுத்திருக்கணும். இல்ல, அதிகாரி செத்தப்புறம் உருவியிருக்கணும். உங்களுக்கு எது வசதியோ அத வெச்சுக்குங்க."

தையல்காரர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த மகன் எழுந்து வெளியே போனான். கல்லில் தாத்தாவின் பெயர் வேண்டாம் என்று கை தூக்கி முடிவெடுத்தார்கள்.

போன மனுஷன் வாளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் துரு எடுத்துத் தருவதாக முன்பே பேசியிருந்தார்கள். மறுநாள் கடைக்கு வந்து, "எப்படி இருந்தாலும் எங்க வீட்டுப் பொருள்தானே, அண்ணே. சுத்தம் பண்ணிக் குடுத்திடச் சொல்லுங்க" என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள்: "பண்ணிடலாம். திருட்டு நகைன்னாலும் மெருகு போடறதில்லையா?"

அந்த வேலையை அத்தை ரசித்துச் செய்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அலகை மண்ணெண்ணெய்த் துணியில் சுற்றிச் சில நாள் ஊறப்போட்டாள். தடித்த துருவைப் பித்தளைத் தகட்டின் விளிம்பால் நிமிண்டி எடுத்தாள். பித்தளை இரும்பைவிட மென்மை, அதனால் கீறாது. பிறகு எண்ணெய், மெல்லிய இரும்பு நார், மறுபடியும் எண்ணெய். கொஞ்சம் கொஞ்சமாக மேகம் போல ஒரு சாம்பல் நிறம் வந்தது. எழுத்து எதுவும் தெரியவில்லை. மேசையைத் தாண்டிப் போகிறவர்களிடம், "பாத்தீங்களா, சுத்தமா ஒண்ணுமில்ல" என்று காட்டினாள்.

ஒரு நாள் மத்தியானம் பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றாள். சாயங்காலம் கதவைத் திறந்தபோது வாளின் வேலை முழுதாக முடிந்திருந்தது. கைப்பிடிக்குப் புதிதாக எண்ணெய் தடவியிருந்தாள். அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது என்று மாமா இப்போதும் சொல்கிறார். தையல்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அலகைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குங்க அக்கா" என்றார். அத்தை பதில் சொல்லவில்லை. அவளிடம் பதில் இல்லாமல் போனது எங்களுக்கு அன்றே விநோதமாக இருந்தது.

அதன் பிறகு ஊர் தையல்காரரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஓடுகாலி வீடு என்ற பெயர் போய், 'பொணம் உருவி' என்று புதுப்பெயர் வந்தது. சட்டை தைக்கக் கொடுப்பவர்கள், "செத்தவன் அளவு எடுத்துடாதீங்க" என்றார்கள். மகன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தது நீதான்" என்று ஒரே ஒருமுறை சொன்னானாம். இதைத் தையல்காரரின் மனைவி அம்மாவிடம் சொல்லி அழுதார்.

அம்மா அன்று சாப்பிடும்போது அதைச் சொன்னாள். அத்தையைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, மனம் தாங்காமல் சொன்னாள். "அந்தக் கடை ரெண்டு நாளா தெறக்கல, அண்ணி. மனுஷன் பரண்ல ஏறிப் படுத்துக்கிட்டு எறங்கவே மாட்டேங்கறாராம்."

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாவம்தான். அவங்க தாத்தா திருடலதான்" என்றாள்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"என்ன சொல்றே?" என்றார் மாமா.

"மண்ணெண்ணெய்ல ஊறினதுல உள்ள இருந்த அழுக்கெல்லாம் கரைஞ்சு கைப்பிடி ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஆடினா தெறந்துதானே ஆகணும், தெறந்தேன். கைப்பிடிதான் அதிகாரியோடது. அலகு சாதா சிப்பாய் அலகு. வால்ல நம்பர் குத்தியிருந்துச்சு."

"எந்த நம்பர்?"

"அந்த வில்லையில இருந்த நம்பர்தான். கைக்காப்புக்கு உள்பக்கம், தோல் வாஷருக்கு அடியில, படைப் பட்டறை முத்திரை. வருஷமும் போட்டிருந்தான். பின்வாங்கினதுக்கு மறு வருஷம்."

அப்பா கையைக் கழுவாமலே எழுந்து நின்றுவிட்டார். "அப்படின்னா?"

"அப்படின்னா என்ன, எல்லாரும் ஓடினப்ப அந்த ஆள் ஓடல. அதிகாரி தன் கைப்பிடியக் கழட்டி, அந்த ஆளோட அலகுல மாட்டச் சொல்லி, பட்டறையிலயே முத்திரை குத்திக் குடுத்திருக்கான். பெரிய மரியாதைதான். அந்த மாதிரி நான் இன்னொண்ணு பாத்ததில்ல." இதைச் சொல்லும்போது அவள் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. பொருளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் அப்படி மாறும்.

"ஏன் அண்ணி சொல்லல?" என்று அம்மா கேட்டாள்.

"துரு எடுக்கச் சொன்னான், எடுத்தேன். வேற எதையும் கேக்கலையே."

"ஊர் பூரா அவரப் பொணம் உருவின்னு கூப்பிடுது."

"அதுக்கு? மன்றத்துல போய் நின்னு, 'நான் சொன்னது தப்பு'ன்னு சொல்லணுமா?" அத்தை அம்மாவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துச் சொன்னாள். "ஒருதடவ நின்னாச்சு. போதும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

மாமா அன்று செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அப்பாவும் அம்மாவும் நானும் பின்னால் போனோம். தையல்காரரைப் பரணிலிருந்து இறங்கச் சொல்லி, எல்லாவற்றையும் அங்கேயே சொன்னார். தையல்காரர் வெட்டு மேசைக்கு அடியிலிருந்து வாளை எடுத்தார். அவர் மனைவி அந்த வில்லையைத் தேடி எடுத்துவந்தார்.

மாமாவுக்குக் கைவேலை வராது. இருந்தும் பக்கத்துச் சைக்கிள் கடையிலிருந்து அரமும் சுத்தியலும் வாங்கிவந்து, குமிழின் மேல் இருந்த ஆணித் தலையை ராவிக் கைப்பிடியைக் கழற்றினார். தையல்காரர் குனிந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

அலகின் வால் வெள்ளி மாதிரி மின்னியது. ஒரு எழுத்து இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. கைக்காப்பின் உள்பக்கமும் அப்படியே இருந்தது. தோல் வாஷர் புதிது. நுணுக்கமான அரத்தின் கோடுகள் மட்டும், சீப்பால் வாரியது போல ஒரே திசையில் ஓடின. பழைய கறுப்பைத் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள், அந்த இடத்தில் மட்டும் வெள்ளை இரும்பு வரும்வரை ராவியிருந்தாள்.

தையல்காரர் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "நீங்க பாத்தீங்களா அண்ணே, அந்த நம்பர?"

"இல்லப்பா. அவ சொன்னா."

"அன்னைக்கு மன்றத்துல சொன்னதும் அவங்கதானே."

"இப்படி ராவியிருக்காளே, அதுவே சாட்சிதானே" என்றார் அப்பா. செயலாளரிடம் போய் அதையேதான் சொன்னோம். அவர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "நான் நம்பறேன். ஆனா வெறும் இரும்பக் காட்டி, இங்க எழுத்து இருந்துச்சுன்னு சொன்னா கூட்டத்துல சிரிப்பாங்க. அவங்களே வந்து மாத்திச் சொல்லட்டும், அன்னைக்கே பேரச் சேத்துடறேன். கல் வேலை முடியப்போகுது, சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அத்தையிடம் அப்பா கெஞ்சினார், அம்மா அழுதாள். மாமா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. "கடையில சத்தம் கொறஞ்சிருக்கு, நல்லதுதான்" என்றாள் அத்தை.

கடைசியில் தையல்காரரே வந்தார். காலையில் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி நேராகப் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, மன்றத்துல எல்லாம் சொல்லவேணாம். கல்லுல பேரு வராட்டியும் பரவாயில்ல. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. என் பையனக் கூட்டிக்கிட்டு வர்றேன், அவன்கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். அந்த நம்பர் இருந்துச்சா?"

அத்தை எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போது கடையில் நின்றவர்களில் ஒருவர் வேடிக்கை பார்க்க எட்டிப் பார்த்தார். அத்தையின் கண் அந்தப் பக்கம் போனது.

"எந்த நம்பர்?" என்றாள்.

"பொய் சொல்றா" என்று மாமா கல்லாவிலிருந்து எழுந்து சத்தம் போட்டார். "எங்க எல்லார் முன்னாடியும் சொன்னா."

"அப்ப காட்டுங்க" என்றாள் அத்தை. "இரும்புல இருக்கறதத்தான் நான் சொல்வேன். இல்லாதத சொல்ற பழக்கம் எனக்கில்ல." பிறகு தையல்காரரிடம், "உங்க தாத்தாவுக்கு வேற நல்ல கதையாப் பாத்து வெச்சுக்குங்க" என்றாள்.

தையல்காரர் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா அன்றிலிருந்து கடையின் முன்பக்கத்தில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு அங்கேயே படுக்கிறார். அத்தையைப் பொறுத்தவரை வேறு எதுவும் மாறவில்லை. இன்னும் தூர ஊர்களிலிருந்து அவளைத் தேடிப் பொருட்கள் வருகின்றன. அவள் சொல்வது இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் அவளால் அந்த மனுஷரை இவ்வளவு சிதைத்திருக்க முடியாது.

கல் தயாரானது. திறக்கும்வரை அதை மூடி வைக்க நல்ல நீலத் துணியில் ஒரு திரை வேண்டும் என்று மன்றத்தில் பேசினார்கள். ஊரில் இருந்த ஒரே தையல்காரர் அவர்தான். யாரும் யோசித்துச் செய்யவில்லை, வேலையென்று கொடுத்தார்கள். அவரும் கல்லின் உயரம் அகலம் எல்லாம் வந்து அளந்துகொண்டு போனார். அளக்கும்போது பெயர்களின் மேல் நாடா பட்டது. அவர் பெயர்களைப் படிக்கவில்லை, நாடாவில் இருந்த அளவை மட்டும் பார்த்தார் என்று கல் வேலை செய்தவர் சொன்னார்.

திறப்பு நாளில் அத்தையை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கயிற்றை இழுத்ததும் திரை ஒரு பக்கம் சிக்கிக்கொண்டது. கூட்டத்தின் பின்னால் நின்ற தையல்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்டூல் போட்டு ஏறி வளையத்தை விடுவித்தார். துணி விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் ஸ்டூலில் நின்றபடியே தட்டினார், பிறகு இறங்கித் துணியை நாலாக மடிக்க ஆரம்பித்தார். ஜனங்கள் கல்லைச் சூழ்ந்துகொண்டு தங்கள் தங்கள் தாத்தாக்களைத் தேடினார்கள்.

அத்தை எழுந்து அவர் பக்கமாகப் போனாள். அவள் அந்தத் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"தையல் நேரா இருக்கு" என்றாள். அவள் வாயால் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தையல்காரர் துணியை அவள் விரலிலிருந்து மெதுவாக உருவி, மடித்து முடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார். மன்ற வாசலில் அவர் மகன் நின்றிருந்தான். இவர் வருவதைப் பார்த்ததும் அவன் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தான். இவர் அவனைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, அவன் பின்னாலேயே வீட்டுக்குப் போனார்.